குறைமாதக் குழந்தை விரல் சூப்புகிறது, பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணம்) பால் கொடுத்தால் ஆக்சிஜன் இறங்குகிறது: கர்ப்பக் கணக்கில் 33 வாரம், 1.6 கிலோ

விரல் சூப்புவதை வைத்து, வாயால் குடிக்கத் தயார் என்று முடிவு செய்யாதீர்கள். வெறும் சூப்பலில் விழுங்க எதுவும் இல்லை. பால் வந்தால் உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் முறை தவறாமல் நடக்க வேண்டும். அது பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்துக்குள்தான் கைகூடத் தொடங்கும். எடை இதில் இரண்டாம்பட்சம்.

ஆக்சிஜன் இறங்க வேகம் காரணமாக இருக்கலாம்: முதல் வாய் விழுங்குமுன் அடுத்தது ஊற்றப்படுகிறது.

அடுத்த வேளைக்கு முன் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ அந்த வேளைப் பால் வயிற்றுக்குப் போகும் ட்யூபிலேயே போகட்டும். தானாக விழித்து வாயைத் திறந்து தேடுகிறதா பாருங்கள். தூங்குவதைத் தட்டி எழுப்பி ஊட்டுவது வீண் வேலை. தேடினால், நர்ஸ் பக்கத்தில் இருக்க, சற்று நிமிர்த்திப் பிடித்து உதட்டோரம் சில சொட்டு. விழுங்கி, மூச்சு விட்டபின் அடுத்தது. விரல்கள் விரிந்தாலோ, பால் ஓரத்தில் வழிந்தாலோ, நிறம் மாறினாலோ நிறுத்துங்கள், மீதி ட்யூபில்.

பால் பீய்ச்சிய பிறகு மார்பில் சப்ப விடலாமா என்றும் கேளுங்கள், நல்ல பயிற்சி.

ஒன்று: இதுவரை நன்றாகக் குடித்தது திடீரென மறுத்தால் பயிற்சிக் குறை என்று விடாதீர்கள். தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.