நீட் வேண்டாம், ஆராய்ச்சிதான் என்கிறாள் மகள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் பெண் நீட் எழுத மாட்டேன் என்கிறாள். நோய்க்கிருமிகளையும் மின்காந்த அலைகளையும் சேர்த்து ஆராயப் போகிறாளாம். நோபல் பரிசு வாங்கிய ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியின் பேட்டியைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சு என்கிறீர்கள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், கொஞ்சம் தாமதமாக. ஆனால் அதற்கு முன்னால் அந்த மனிதரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

லுக் மோன்தான்யே. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். 1983 ஜனவரியில் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த துணுக்கு அவருடைய ஆய்வகத்துக்கு வந்தது. அந்தச் செல்களை வளர்த்து, ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் வகைக்கே உரிய ஒரு நொதி தலைகாட்டுகிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடன் வேலைபார்த்த பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசி. நொதி தென்பட்டது, பிறகு குறைந்தது. செல்கள் செத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். ரத்த வங்கியிலிருந்து புதுச் செல்களை வாங்கிச் சேர்த்ததும் மறுபடி ஏறியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸே தெரிந்தது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். பிற ஆய்வகங்களும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டின. 2008இல் இருவருக்கும் நோபல்.

அடுத்த வருடமே மோன்தான்யே வேறு ஒன்றைச் சொன்னார். பாக்டீரியா டி.என்.ஏ. கலந்த தண்ணீரை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி, கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் வைத்தால் மின்காந்தச் சமிக்ஞை வருகிறதாம். சுற்றுப்புறத்து மின் இரைச்சல் இருந்தால்தான் வரும் என்றும் அவரே எழுதினார். மின்விசிறியும் டியூப்லைட்டும் ஓடும் கட்டடத்தில் எது சமிக்ஞை, எது இரைச்சல்? கட்டுரை வந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு அவரே தலைவர். அனுப்பிய மூன்றே நாளில் அச்சுக்கு ஏற்றுக்கொண்டார்கள். விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. உங்கள் பெண் பார்த்த பேட்டி இந்தக் காலத்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்காக மின்காந்தப் புலமும் உயிரும் என்ற துறையே டுபாக்கூர் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது இது: ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகத் தகடுகள் வைத்த சின்னக் குப்பியில் பாக்டீரியாவையும் டி.என்.ஏ.வையும் விட்டு, சுமார் 1,800 வோல்ட்டைச் சில மில்லிசெகண்ட் பாய்ச்சுவார்கள். செல் உறையில் துளைகள் திறந்து டி.என்.ஏ. உள்ளே போய்விடும். முன்னால் கழுவும்போது உப்பு மிச்சமிருந்தால் பட்டென்று பொறி தெறிக்கும், அன்றைய வேலை போச்சு. மூளைப் புற்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலத்தால் சிகிச்சை தரும் கருவிக்கு அமெரிக்கா 2011இலேயே அனுமதி தந்துவிட்டது. எம்.ஆர்.ஐ., செல்போன் கதிர்வீச்சு வரம்பு எல்லாமே இந்த அறிவில் நிற்பவை. வேலை உண்டு. ஆனால் இயற்பியல் தெரியாமல் இங்கே காலெடுத்து வைக்க முடியாது.

அதனால் என் யோசனை, அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால், ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு. ஐந்து வருடப் படிப்பில் இயற்பியல், உயிரியல் இரண்டையும் படித்துவிட்டு எதில் ஆழமாகப் போவது என்று பிறகு முடிவு செய்யலாம். திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜாம் என்ற தேசிய நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலும் உண்டு. ஆய்வக வசதியே இல்லாத கல்லூரியில் பயோடெக் பி.டெக் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தொற்றுநோய்ப் பக்கம் போனால் தூரம் போக வேண்டியதில்லை. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள்.

பணம்? நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருடம் ஆகும். நிரந்தர வேலைக்கு முப்பது வயதைத் தாண்டிவிடும். சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பாரே-சினூசி மருத்துவம் படிக்காமல் அறிவியல் படித்ததே, அது சீக்கிரம் முடியும், வீட்டுக்குச் செலவு குறைவு என்று நினைத்துத்தான். பிறகு பாஸ்டரில் சம்பளமில்லாத் தன்னார்வலராக நுழைந்தார். உங்கள் பெண்ணை அவரைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரிக்குப் போனதும், இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும் அங்குள்ள மூத்த மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் இங்கே அளக்கிறீர்களா? உங்கள் முடிவை வெளி ஆய்வகம் ஏதாவது திரும்பச் செய்து பார்த்திருக்கிறதா? இதைக் கேட்டதும் பேராசிரியர் கோபப்படுவார் என்று அவர்கள் பயந்தால், அடுத்த ஆய்வகத்தைப் பார்க்கலாம்.