மல்லாந்து நீந்தும் கெளுத்தி

வணக்கம் சார். போன மாதம் ஒரு தலைகீழ் கெளுத்தி வாங்கித் தொட்டியில் விட்டேன். பகல் முழுக்க மரக்கட்டைக்கு அடியில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. தீனி போட்டால் வருவதே இல்லை. மீன் மிதக்க உதவும் காற்றுப்பையில் நோயாக இருக்கும், கல்லுப்பு போடு என்கிறார் அப்பா. போடலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உப்பு வேண்டாம். கெளுத்திக்குச் செதில் கிடையாது. உப்பும் செம்பு கலந்த மருந்தும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயாகவும் தெரியவில்லை. காற்றுப்பை கெட்ட கோல்டுஃபிஷ் கீழே இறங்க முடியாமல் மேலேயே தத்தளிக்கும். இது மல்லாந்தபடியே நினைத்த இடத்துக்குப் போய்வரும். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள், தெரியும்.

காங்கோ ஆற்றுப் படுகை இதன் ஊர். மூழ்கிக் கிடக்கும் மரங்களின் அடிப்புறத்தையும் நீர்மட்டத்தையும் மேய்ந்து பிழைக்கிற மீன். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மல்லாந்த வாய்க்கு மேல்மட்ட நீர் சுலபமாகக் கிடைக்கும். பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இதற்கு வயிறுதான் கறுப்பு. மேலிருந்து பார்க்கிற பறவைக்குத் தெரிவது வயிறுதானே! குஞ்சுகள் முதலில் மற்ற மீன்களைப் போலவே நீந்தும், அப்புறம்தான் புரளும். நைல் நதியிலும் இந்தப் பழக்கமுள்ள உறவுகள் உண்டு. எகிப்தியர்கள் கல்லறைச் சுவர்களில் அவற்றை மல்லாந்த நிலையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். தங்கத்தில் அதே கெளுத்தி வடிவில் பதக்கம் செய்து பிள்ளைகளின் சடையில் தொங்கவிட்டதும் உண்டு, தண்ணீரில் மூழ்காமல் காக்குமாம்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். ஒற்றை மீனாக விட்டதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கூட்டமாக வாழ்கிற மீன், தனியாக இருந்தால் ஒளிந்தே கிடக்கும். நூறு லிட்டர் தொட்டி என்றால் இன்னும் மூன்று நான்கு சேருங்கள். கூர்மையான ஜல்லி போட்டிருந்தால் எடுத்துவிட்டு மெல்லிய மணல் போடுங்கள், மீசை கிழியாது. தீனியை விளக்கணைத்து அரை மணி கழித்துப் போடுங்கள்: மூழ்கும் குருணை, வாரம் இரண்டு நாள் உறைய வைத்த ரத்தப்புழு.

பிடிப்பதற்கு வலை வேண்டாம். பயந்தால் துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ளும். வலையில் மாட்டினால் வலையைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள். புதிதாக வாங்கும்போது வயிறு கறுப்பா என்று பாருங்கள். இது நாலு அங்குலத்தோடு நின்றுவிடும். இதே பெயரில் விற்கிற வேறு சில கெளுத்திக் குஞ்சுகள் எட்டு அங்குலம் வரை வளரும்.