மோல் என்றால் என்ன? அணுக்களை எப்படி எண்ணுகிறார்கள்?

மோல் என்பது ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர்.

சரி, எண்ணுவதற்கு இவ்வளவு பெரிய எண் எதற்கு? அணுக்கள் வினைபுரிவது எண்ணிக்கைக் கணக்கில். ஒரு கார்பன் அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு. ஆனால் நம் கையில் இருப்பதோ தராசு. ஒற்றை அணுவை அதில் நிறுக்க முடியாது.

வங்கியில் மூட்டை நிறைய ஒரே வகை நாணயம் வந்தால் எடை போட்டே எண்ணிவிடலாம். ஒரு காசின் எடை தெரிந்தால் போதும், மொத்த எடையை அதால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். மோல் செய்வதும் இதையே. கார்பனின் அணு நிறை 12. எனவே 12 கிராம் கார்பனில் ஒரு மோல் அணுக்கள். ஆக்சிஜன் மூலக்கூறின் நிறை 32; எனவே 32 கிராமில் ஒரு மோல் மூலக்கூறுகள். இரண்டும் முழுதாகச் சேர்ந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. தனிம அட்டவணையில் உள்ள அணு நிறை எண்ணைக் கிராமில் எடுத்தாலே ஒரு மோல் கிடைக்கும்படி அமைந்த எண் இது. அந்த வசதிக்காகத்தான் இப்படி ஒரு விநோதமான எண். 2019 முதல் இதன் மதிப்பை 6.02214076 × 10²³ என்றே நிலையாக வரையறுத்துவிட்டார்கள்.

அப்புறம், 'ஒரு மோல்' என்பதை எடை என்று நினைப்பவர்கள் நிறைய. அது எண்ணிக்கைதான்; எடை பொருளுக்குப் பொருள் மாறும்: ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மோல் சாப்பாட்டு உப்பு 58.5 கிராம்.