கண்ணாடி மாதிரி அலுமினியம்

கேள்வி: மில்லிங் மெஷின்ல வெட்டுன அலுமினிய பிளேட்ட 2000 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் கையாலயே தேய்ச்சு பாலிஷும் போட்டாச்சு. பளபளன்னுதான் இருக்கு, ஆனா வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா வளைவு வளைவா கோடு தெரியுதே, பாலிஷ் சரியில்லையா?

பதில்: பாலிஷ் மேல பழி போடாதீங்க. அது கட்டர் போன தடம், அதை முதல் தாள்லயே எடுத்திருக்கணும், பாலிஷ் போட்டா இன்னும் எடுப்பாத்தான் தெரியும். திரும்ப 320 நம்பர் தாளுக்கு போங்க, நம்பர் குறைஞ்சா சொரசொரப்பு அதிகம் (கஷ்டமாத்தான் இருக்கும், வேற வழி இல்ல). தட்டையான கட்டையில தாளைச் சுத்தி, சோப்புத் தண்ணி தொட்டு ஒரே திசையில தேய்ங்க, வெறும் விரலால அழுத்துனா பள்ளம் விழும், அப்புறம் அதுல தெரியுற மூஞ்சி கோணலாத்தான் இருக்கும். வளைவுக் கோடு ஒன்னுகூட இல்லைன்னு ஆனதும் 400, இப்ப குறுக்கால தேய்க்கணும், பழைய கோடு மிச்சம் இருந்தா குறுக்கா நின்னு காட்டிக் கொடுத்துடும். இப்படியே 600, 800, 1000, 1500, 2000னு ஒவ்வொன்னுக்கும் திசைய மாத்துங்க. தாள் மாத்துறப்பல்லாம் பிளேட்டையும் கட்டையையும் கழுவிடுங்க, 320ல உதிர்ந்த ஒரே ஒரு மணல் 1500ல மாட்டுனா போச்சு.

கடைசியா பருத்தித் துணியில மெட்டல் பாலிஷ். துணி கரியா கருக்கும், பயப்படாதீங்க, அலுமினியம் தேயுதுன்னு அர்த்தம், அந்தக் கறுப்பு காயுறதுக்குள்ள சுத்தமான துணியால துடைச்சிடுங்க. அனோடைஸ் பண்ண (அதாவது மின்சாரம் பாய்ச்சி மேல ஆக்சைடு படலம் ஏத்துன) பீஸ்னா இந்தக் கதையே வேற, அந்தப் படலத்த எடுக்காம உள்ள இருக்குற உலோகத்துக்கு பாலிஷ் போய்ச் சேராது.