ஸ்பீடோமீட்டரை ஜிபிஎஸ்ஸுக்குச் சமமாக வைக்காதீர்கள், மூன்று சதவீதம் கூட்டி வையுங்கள்

கேள்வி: வீட்டில் கட்டிய காரில் எலக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டரை எப்படி செட் செய்வது? போனில் ஜிபிஎஸ் காட்டும் வேகத்துக்குச் சமமாக வைத்தால் போதுமா?

போதாது. சமமாக வைத்ததுதான் நான் செய்த தப்பு. அதனால்தான் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், கார் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, ஐவிஏ என்கிற தனி வாகன அனுமதிச் சோதனைக்குத் தேதி வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு நாட்டிலிருந்து கேட்டிருந்தால் சட்ட வரம்பு மாறும், மீட்டர் வேலை மாறாது. நான் சோதனை அதிகாரியோ மீட்டர் வியாபாரியோ அல்ல. கோயம்புத்தூரில் படித்து, இங்கே பம்ப் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இரண்டு குளிர்காலம் கராஜில் உட்கார்ந்து ஒரு கார் கட்டியவன், அவ்வளவுதான்.

1957-இல் காலின் சாப்மேன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் வடிவத்தில் கட்டிய கார் அது. சதுரக் குழாயில் நானே வெல்டிங் செய்த சேஸி. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் மூன்றும் 1989 ஃபோர்டு சியராவிலிருந்து வந்தவை. சியரா கியர்பாக்ஸில் பழைய கேபிள் மீட்டருக்கான வழி இருந்தது. ஆனால் நான் வாங்கிய டயல் எலக்ட்ரானிக். அதற்குத் துடிப்பு வேண்டும், அதாவது பல்ஸ். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃபரென்ஷியலில் பூட்டியிருக்கும் 4 போல்ட் தலைகளுக்கு எதிரே ஒரு எம்12 ப்ராக்ஸிமிட்டி சென்சாரை, அதாவது இரும்பு அருகே வந்தால் தொடாமலே உணரும் சென்சாரை, வைத்தேன். ஒவ்வொரு போல்ட் தலை கடக்கும்போதும் ஒரு பல்ஸ். ஒரு மைலுக்கு எத்தனை பல்ஸ் என்று மீட்டருக்குள் ஓர் எண்ணைப் போட வேண்டும். மொத்த அளவீடும் அந்த ஓர் எண்தான்.

அந்த எண்ணைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். என் டயர் 185/60 ஆர்14: அகலம் 185 மிமீ, பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். பக்கச் சுவர் 111 மிமீ, இரண்டு பக்கம் 222, ரிம் 355.6. விட்டம் 577.6 மிமீ, சுற்றளவு ஏறக்குறைய 1815 மிமீ. காகிதத்தில் சரி. ஆனால் கார் தரையில் நிற்கும்போது டயர் அமுங்குகிறது. உண்மையில் ஒரு சுற்றுக்கு அது நகரும் தூரம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு. அதனால் சாக்பீஸ்தான் நம்பகமான கருவி. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஆளோ மூட்டையோ வைத்து, பின் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஐந்து சுற்று நேராகத் தள்ளி டேப்பில் அளங்கள். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் கோட்டின் தடிமனே பிழையாகிவிடும்.

தள்ளும்போதே சென்சாரின் பின்னால் இருக்கும் சிறு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்றும் எண்ணுங்கள். என் டிஃபரென்ஷியல் விகிதம் 3.62, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.62 சுற்று சுற்றும். நாலு போல்ட்டைப் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற 14.48 பல்ஸ், ஐந்து சுற்றுக்கு 72. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றி எண்ணாதீர்கள். மறு சக்கரம் தரையில் நின்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், எண்ணிக்கையும் பாதியாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி எண்ணிவிட்டு, சென்சார் பழுது என்று இரண்டாவது சென்சார் வாங்கிவிட்டார்.

நான் அளந்தபோது ஐந்து சுற்றுக்கு 8.62 மீட்டர். சுற்றுக்கு 1.724 மீட்டர். மைலுக்கு 13,517 பல்ஸ் என்று கணக்கு வந்தது. போட்டேன். பதிவாகாத காரை, முன்பதிவு செய்த சோதனைக்குப் போகவர மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். அதனால் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்றில் மிஞ்சியிருந்த கான்கிரீட் ஓடுபாதையில், நில உரிமையாளரிடம் கேட்டு ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு 40, 50, 60 மைல் என்று எந்த வேகத்திலும் போனில் ஜிபிஎஸ்ஸும் என் முள்ளும் ஒன்றாக நின்றன. அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு புது டயர் போட்டேன். அதே கம்பெனி, அதே அளவு.

சோதனையில் காரின் சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி ஓட்டி, உருளை சொல்லும் வேகத்தையும் மீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுவார்கள். உருளை 70 என்றபோது என் மீட்டர் 68-ஐத் தாண்டி 69-க்குக் கீழே நின்றது. தோல்வி. வெல்டிங், பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் தேறிவிட்டன. ஜிபிஎஸ்ஸோடு முடியிழை பிசகாமல் ஒத்துப்போன மீட்டர் தேறவில்லை. அந்த அதிகாரி தன்மையான மனிதர். "உங்கள் மீட்டர் நல்ல மீட்டர், குறைத்துக் காட்டுகிறது, அதுதான் பிரச்சினை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் சாக்பீஸை எடுத்தேன். இப்போது ஐந்து சுற்றுக்கு 8.80 மீட்டர். முன்பு அளந்த டயர்கள் செகண்ட்ஹேண்டில் வாங்கிய வீல்களோடு வந்தவை, 2 மிமீ பட்டன்தான், அதாவது டயரின் மேல்வரி ஆழம்தான், மிச்சம் இருந்தது. புது டயரில் 8 மிமீ. ஆரத்தில் 6 மிமீ கூடினால் சுற்றளவு இரண்டு சதவீதம் கூடும். புது டயருக்கு மைலுக்கு 13,241 பல்ஸ் போதும். நான் 13,517 வரும் என்று மீட்டருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது குறைவாகக் காட்டாமல் என்ன செய்யும்?

சட்டம் சொல்வது இதுதான்: மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூடக் காட்டலாம், அதற்கும் உச்சம் உண்டு. உண்மை வேகத்தில் பத்து சதவீதம், அதோடு 6.25 மைல். 70-இல் போகும்போது 83.25 வரை காட்டலாம், 69.9 காட்டக் கூடாது. தொழிற்சாலையில் தயாராகும் கார்களுக்கான ஐ.நா.வின் 39-ஆம் விதிமுறையும் இதே போக்கில்தான் போகிறது. அங்கே மேல் வரம்பு பத்து சதவீதத்தோடு மணிக்கு 4 கிமீ. உங்கள் வீட்டில் நிற்கும் சாதாரணக் காரும் ஜிபிஎஸ்ஸைவிட இரண்டு மூன்று மைல் கூடவே காட்டுவது இதனால்தான்.

ஆகவே உங்கள் இலக்கு ஜிபிஎஸ்ஸுக்குச் சமம் அல்ல. புது டயரில் அளந்து, வந்த எண்ணில் மூன்று சதவீதம் குறைத்துப் போடுங்கள். எண் குறைந்தால் முள் கூடும், இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். நான் 13,241-ஐ 12,850 ஆக்கினேன். 70-இல் போகும்போது 72 காட்டும். டயர் தேயத் தேய இன்னும் இரண்டு சதவீதம் கூடும், அப்போதும் 74-ஐத் தொடாது. உருளைகளுக்கு நடுவே டயர் அமுங்கும் விதம் தரையில் அமுங்குவது போல இருக்காது. அந்தச் சிறு வித்தியாசத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. மறுசோதனையில் இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

"இவ்வளவு எதற்கு, ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டரையே வாங்கி மாட்டலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சாலையில் ஜிபிஎஸ் வேகம் நன்றாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து கணக்கிடுவதால் சீராகப் போகும்போது மிகத் துல்லியம். ஆனால் உருளையின் மேல் சக்கரம் சுற்றுகிறது, கார் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஜிபிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும். அதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பை நானே மதிக்கிறேன். மூன்று சதவீதம் கூட்டினால் ஓடிய தூரமும் மூன்று சதவீதம் கூடத்தானே பதிவாகும்? ஆமாம். பெரும்பாலான மீட்டர்களில் இரண்டுக்கும் ஒரே எண். 10,000 மைல் ஓடினால் 10,300 என்று காட்டும். விற்கும்போது வாங்குபவருக்கு நஷ்டம் இல்லை, எனக்குத்தான் நஷ்டம். அதனால் மனம் உறுத்தவில்லை.

உறுத்துவது எதிர்ப்பக்கம். என் சித்தப்பா காந்திபுரத்தில் மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கேதான் இருப்பேன். அம்பாசிடர் மீட்டரைப் பிரித்துக் காட்டுவார். கேபிள் சுற்றினால் உள்ளே காந்தம் சுற்றும், அதன் மேல் தொடாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தை அந்தக் காந்தப்புலம் இழுக்கும், மயிரிழை ஸ்பிரிங் அதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும். தொடாமலே இழுக்கும் அந்தக் காந்தத்தைப் பார்த்துத்தான் நான் பொறியியல் படித்தேன். கார் புரோக்கர்கள் வருவார்கள். ஒன்றேகால் லட்சம் ஓடிய வண்டியை நாற்பதாயிரம் ஆக்கித் தரச் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு அது பத்து நிமிட வேலை. ஒரு முறைகூடச் செய்யவில்லை. "கண்ணு, முள்ளு தப்பா காட்டுனா ரிப்பேர், நம்பர் தப்பா காட்டுனா திருட்டு" என்பார். அதே தெருவில் மீட்டர் திருப்பியவர் இரண்டு மாடி கட்டினார். சித்தப்பா கடையை மூடிவிட்டு ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனார். சொந்தக்காரர்கள் இன்றுவரை அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு வலிக்கிறது. அவரிடம் வந்த ஒரு வண்டியிலாவது யாராவது ஏமாந்திருக்கிறார்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மீட்டர் என்றால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, மின் பக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது. எண் சரியாக இருந்தும் முள் குதித்தால், நின்ற காரில் எஞ்சின் ஓடும்போதே 15, 20 என்று காட்டினால், ஸ்பார்க் பிளக் வயரின் இரைச்சல் சென்சார் வயருக்குள் வருகிறது என்று பொருள். உலோக வலை உறையிட்ட கேபிள் போட்டு, அந்த உறையை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் அந்த உறை வழியாகவே மின்னோட்டம் ஓடி இரைச்சல் திரும்ப வரும். பிளக் வயர்களிலிருந்து தள்ளியே கொண்டு போங்கள். மாறாக வேகம் கூடும்போது முள் திடீரென்று விழுந்தால் சென்சார் போல்ட்களைத் தவறவிடுகிறது. 70 மைலில் நொடிக்கு ஏறக்குறைய 257 பல்ஸ் வரும். சென்சார் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். போல்ட் தலைக்கும் சென்சார் முகத்துக்கும் இடைவெளி எனக்கு ஒன்றரை மிமீயில் சரியாக வந்தது. ஷாஃப்டைத் திருப்பி ஒவ்வொரு போல்ட்டாக நான்கையும் அளங்கள், ஒன்று குட்டையாக இருந்தால் அது மட்டும் தவறும். சியராவில் டிஃபரென்ஷியல் சேஸியோடு பூட்டியிருப்பதால் சென்சாரைச் சேஸியில் வைக்கலாம். உங்களுடையது டிஃபரென்ஷியலும் ஆக்சிலும் ஒரே துண்டாக இருக்கும் லைவ் ஆக்சில் என்றால் ஆக்சில் மேலும் கீழும் ஆடும், சென்சார் பிராக்கெட்டை ஆக்சிலின் மேலேயே வையுங்கள்.

மறுசோதனை தேறிய அன்று சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். காரைச் சுற்றிக் காட்டினேன், பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முள்ளு நடுங்குதா கண்ணு?" என்றார். "இல்லைங்க சித்தப்பா" என்றேன். "உள்ள எழுதி வெச்சியா?" என்றார். எந்த மீட்டரைச் சரிசெய்தாலும் அவர் மூடுவதற்கு முன் கூட்டின் உட்புறத்தில் பென்சிலால் தேதியும் செய்த வேலையும் எழுதுவார். டாஷ்போர்டைத் திரும்பக் கழற்றி, உட்புறம் மார்க்கரில் எழுதினேன்: 185/60 ஆர்14, புது டயர் 8 மிமீ, ஐந்து சுற்று 8.80, மைலுக்கு 13,241, போட்டது 12,850.