காருக்குள் தண்ணீர்: பழைய வண்டிக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டிங்கரிங் ஷெட்டில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரிதான்: "அண்ணே, வண்டிக்குள்ள தண்ணி நிக்குது, எங்கிருந்து வருதுன்னே தெரியல." இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதற்கென்றே உட்கார்ந்தேன். கேட்டவர்களின் வண்டி எல்லாமே பத்து வருஷம் தாண்டியவை. கேட்ட வரிசையிலேயே தருகிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா: சார், 2009 மாடல் சின்ன கார். முன்னாடி இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட் சொதசொதன்னு இருக்கு. மழை நாள்லயும் இருக்கு, வெயில் நாள்லயும் இருக்கு. முன் கண்ணாடியைக் கழட்டி ஒட்டணும்னு மெக்கானிக் சொல்றார். ஒட்டிடலாமா?

கொஞ்சம் பொறுங்கம்மா. வெயில் நாளிலும் ஈரம் என்று சொன்னீர்களே, அங்கேயே பாதி பதில் இருக்கிறது. வெயில் நாளில் தண்ணீர் வருகிறது என்றால் முதல் சந்தேகம் ஏசி மேல்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராக வடியும். அது ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசியும் பாசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், பெட்டி நிரம்பி உள்ளே வழியும். நம் ஊரில் பெரும்பாலான வண்டிகளில் காயில் இடது பக்கம் இருப்பதால் ஈரமும் அந்தப் பக்கமே தெரியும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, திறந்தவெளியில், ஏசியை முழு வேகத்தில் 20 நிமிஷம் ஓட விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கீழே குட்டையே கட்ட வேண்டும். தரை காய்ந்திருந்தால் அந்தக் குழாய்தான் அடைத்திருக்கிறது, கண்ணாடியைத் தொட வேண்டியதே இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, டிக்கியில ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல ரெண்டு மக் தண்ணி. டிக்கி பீடிங் புதுசு போட்டாச்சு, அப்பவும் வருது.

தம்பி, பீடிங்கை, அதாவது ஓரத்து ரப்பர் பட்டையை, எல்லோரும் முதலில் மாற்றுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. பின் விளக்கின் கேஸ்கட்டைப் பார்த்தீர்களா? விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஸ்பாஞ்சு வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். பின் பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கி மூடியும் ஒரு வழி. கதவை அடித்துச் சாத்தும்போது உள்காற்று வெளியேற அதை வைத்திருக்கிறார்கள். வண்டி எப்போதாவது பின்னால் இடி வாங்கி, தகடு தட்டி எடுத்திருந்தால், ஜாயின்டில் பூசிய சீலர் விரிந்திருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை இது. முதலில் பள்ளத்தைத் துடைத்து முழுசாகக் காய வையுங்கள். ஈரமான இடத்தில் புது ஈரம் தெரியாது. பிறகு விளக்குக்குக் கீழே, ஜாயின்டுகள் மேல் எல்லாம் சாக்பீஸ் பொடியோ டால்கம் பவுடரோ மெல்லத் தூவுங்கள். வெளியே குழாயைத் திறந்து, பீய்ச்சாமல், மெல்ல வழிய விடுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள்: முதலில் பம்பர் மட்டம், அப்புறம் விளக்கு, அப்புறம் பின் கண்ணாடி. ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிஷம். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியவே தெரியாது. பவுடரில் கோடு விழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள், வாசல் அகப்படும்.

அப்பார்ட்மென்டில் குழாய் போட விடமாட்டார்கள் என்றால் செடிக்கு ஊற்றும் பூவாளி போதும். உள்ளே டார்ச்சோடு ஒருவர் பார்க்க வேண்டுமானால் பின் சீட்டை மடித்து அந்த வழியாகப் போகட்டும். டிக்கிக்குள் ஆளை வைத்து மூடாதீர்கள். பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூட அதில் இறக்காதீர்கள்.

கே.கே. நகரிலிருந்து: வாட்டர் சர்வீஸ் விட்டா மட்டும் உள்ளே வருது, மழையில வரல. இது லீக்கா?

அந்த பம்ப் வேகத்துக்கு நல்ல பீடிங்கும் வழி விடும். மழையில் வரவில்லையென்றால் அலைய வேண்டாம். கதவு இடுக்குகளில் நேராக அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ராயப்பேட்டையிலிருந்து: பின் கதவு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் மாத்தினேன். அதுக்கப்புறம் வந்த முதல் மழையிலேயே பின் சீட்டுக்குக் கீழ ஈரம். ஸ்பீக்கருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் சார்?

நிறைய சம்பந்தம் உண்டு. கதவுக்குள் தண்ணீர் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வண்டி கட்டியவர்கள் அதைத் தெரிந்தேதான் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். டோர் பேடுக்கு, அதாவது கதவின் உள்பக்க மூடிக்கு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அதன் மேல் வழிந்து, கதவின் உள்பக்கமே இறங்கி, அடி ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போய்விடும். ஸ்பீக்கர் போடுகிறவர்கள் அவசரத்தில் அந்த ஷீட்டைக் கிழித்து வீசிவிடுகிறார்கள். ஏதோ பேக்கிங் கவர் என்று நினைத்திருப்பார்கள்.

டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஷீட் இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். டபுள் சைடு டேப் நம் வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது. ஷீட்டின் கீழ் விளிம்பு கதவின் உள்பக்கமாகப் போக வேண்டும், அதில்தான் சூட்சுமம். அப்படியே அடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கதவை ஆட்டும்போது 'சளக்' என்று சத்தம் வந்தால் ஓட்டை அடைத்திருக்கிறது, கதவு அடியிலிருந்தே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, என் வண்டி எப்பவும் தூங்குமூஞ்சி மரத்தடியிலதான் நிக்கும். பெருமழைன்னா டேஷ்போர்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒழுகுது.

ஐயா, பானெட்டைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில்லைப் பாருங்கள். கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அந்தத் தொட்டியில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாக வெளியே போகும். இலையும் பூவும் அங்கே மக்கி மண்ணாகி, சில வண்டிகளில் செடியே முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். துளை அடைத்தால் மட்டம் ஏறி, ஏசி காற்று உறிஞ்சும் வாய் வழியாக உள்ளே கொட்டும். கிரில்லைக் கழற்றி, கையால் அள்ளி, பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தடையில்லாமல் இறங்க வேண்டும். மரத்தடியிலேயே நிறுத்துங்கள், நிழல் வண்டிக்கு நல்லதுதான். மாதம் ஒரு தடவை மட்டும் அள்ளிவிடுங்கள்.

திருவான்மியூரிலிருந்து: முன் கண்ணாடி மேல் மூலையில சொட்டுது. நானே சிலிக்கான் டியூப் வாங்கி வெளிப்பக்கம் பூசிட்டேன். ரெண்டு மாசம் நின்னது, திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கெட்டியா பூசவா?

தயவுசெய்து பூசாதீர்கள். அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் கண்ணாடியை ரப்பர் பீடிங் பிடித்திருக்கும். உங்கள் வண்டியில் பாலியூரித்தேன் பசைதான் பிடித்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது புளிச்ச வினிகர் வாடை வரும் இல்லையா, அந்த அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பாலியூரித்தேனும் ஒட்டாது. நீங்கள் கடற்கரைப் பக்கம் வேறு. உப்புக்காற்றில் கண்ணாடிக்கு அடியில் தகடு ஏற்கெனவே துருவாகி, பசை பிடிப்பு விட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வரும்படி வைத்து, புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். வெளியே கண்ணாடி ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை முட்டையிடும் இடம்தான் ஓட்டை. ஒரு இடத்தில் முட்டை வந்தால்கூட, கண்ணாடியை எடுத்து, பழைய சிலிக்கானைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்துத்தான் ஒட்ட வேண்டும். துரு மேலேயே ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒட்டிய அன்று பக்கக் கண்ணாடியை விரற்கடை இறக்கி வையுங்கள். கதவு சாத்தும் அழுத்தம் ஈரப் பசையைத் தள்ளிவிடும்.

மாதவரத்திலிருந்து: எனக்கு டிரைவர் பக்கம் ஈரம். தொட்டா பிசுபிசுன்னு இருக்கு, இனிப்பா ஒரு வாடை. முன் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் மாதிரி படியுது.

அது மழைத்தண்ணீர் கிடையாது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரோ (சின்ன ரேடியேட்டர் மாதிரி) அதன் ஹோஸோ விட்டிருக்கிறது. நம் ஊரில் ஹீட்டர் போடுவதே இல்லை என்றாலும் பல வண்டிகளில் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்க வேண்டாம். தள்ளிப்போடாதீர்கள், மட்டம் இறங்கினால் எஞ்சினே போய்விடும். அது விஷமும் கூட. குழந்தையோ வீட்டு நாயோ அந்தக் கார்ப்பெட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: தண்ணி நின்னதுக்கப்புறம் ஏர்பேக் லைட் எரியுது. சீட்டைக் கழட்டி நானே காய வைக்கலாமா?

சீட் நாலு போல்ட்தான், கழற்றலாம். ஆனால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழற்றி, சில நிமிஷம் காத்திருந்து, அப்புறம் கை வையுங்கள். அந்த லைட்டை மட்டும் ஸ்கேனர் உள்ள எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

முடிச்சூரிலிருந்து: பழைய கார் வாங்கப் போறேன். வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர்க்காரர், கேட்க வேண்டிய கேள்விதான். மிக்ஜாமுக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளை ஏற்றி வரிசையாக நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட் துரு, ஸ்டெப்னிப் பள்ளத்தில் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் படாத இரும்பில் துரு, இவற்றையும் பாருங்கள். புத்தம் புதுக் கார்ப்பெட்டும் தூக்கலான சென்ட் வாடையும் இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

மறுபடி வேளச்சேரி அம்மா: சார், நீங்க சொன்னபடி 20 நிமிஷம் ஏசி போட்டேன். கீழ ஒரு சொட்டு இல்ல. வீட்டுக்காரர் அடியில படுத்து அந்தக் குழாயில ஈர்க்குச்சி விட்டார். பழுப்பா கொடகொடன்னு கொட்டிச்சு, கூடவே ஏதோ பஞ்சு மாதிரி வந்தது.

நல்லதும்மா, கண்ணாடிச் செலவு மிச்சம். ஈர்க்குச்சி சரியான ஆயுதம், கம்பி விட்டிருந்தால் காயிலில் குத்தியிருக்கும். அந்தப் பஞ்சு எலி வேலையாக இருக்கலாம். பானெட்டுக்குள் ஒயர்கள் உள்ளே நுழையும் ரப்பர் குரோமெட்டை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதுவும் மழைக்கு ஒரு வாசல்.

இப்போதுதான் முக்கிய வேலை. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த ஃபெல்ட் வாளிக் கணக்கில் குடித்து வைத்திருக்கும். அதை அப்படியே விட்டால் பூஞ்சை வரும், வீட்டில் வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. தரைத் தகடும் அடியிலிருந்து அரித்துக்கொண்டே போகும். 2009 வண்டி என்றால் 15 வருஷம் தாண்டியிருக்கும், அடுத்த ஆர்.சி. புதுப்பிப்புக்குத் தரையில் ஓட்டையோடு போய் நிற்க முடியாது. இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது. இடது சீட்டை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ரெண்டு செங்கல் கொடுத்து, நாலு கதவையும் திறந்து போடுங்கள். சாயங்காலம் ஃபெல்ட்டை ஒரு நியூஸ்பேப்பர் வைத்து அழுத்துங்கள். பேப்பர் நனைந்தால் நாளைக்கும் வெயிலில் போடுங்கள்.