குழு லோன்லயும் தசமபாகம் எடுக்கணுமா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க கடலூர் ஓ.டி. பக்கம். வீட்டுக்காரர் சிப்காட்ல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட் வேலை, பிஎஃப் இஎஸ்ஐ பிடிச்சது போக கைக்கு 18,500 வரும். ரெண்டு வருஷம் முன்னாடி பையன் டெங்குல ஐசியூல கிடந்தப்ப, புள்ள பொழைச்சா சம்பளத்துல தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு, சபைக்கு குடுக்குறேன்னு கர்த்தருக்கு பொருத்தனை பண்ணாரு, நேர்ந்துக்கிட்டாரு. பையன் நல்லா இருக்கான், இவரும் மாசம் தவறாம குடுக்குறாரு. ஆனா மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்க மாசக் கடைசில நான் பக்கத்து வீட்ல கைமாத்து வாங்குறேன். மாமனார் இல்ல. போன மாசம் குழு லோன் 40,000 வந்துச்சு, அதுலயும் 4,000 எடுத்து சபை காணிக்கை கவர்ல போட்டுட்டாரு. கேட்டா "எது வந்தாலும் பத்துல ஒண்ணு"ங்கறாரு. சபையில ஒரு அக்கா வேற, தசமபாகம் குறைஞ்சா பையனுக்கு திரும்ப காய்ச்சல் வரும்னு சொல்லிட்டாங்க. ராத்திரி தூக்கமே இல்ல. எனக்குத்தான் விசுவாசம் இல்லையா?
- ஒரு சகோதரி, கடலூர்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த காய்ச்சல் பேச்சை தூக்கி போடு. டெங்கு கொசுவால வருது, கவர்ல எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு வர்றதில்ல. மழைக்காலத்துல தண்ணி டிரம்ம மூடி வை. ஒரு தாயோட பயத்தை புடிச்சு காணிக்கை வாங்கறவங்க எந்த சபையா இருந்தாலும் எனக்கு கோவம் வரும், அதனால இதை இதோட விட்டுடறேன்.

இப்ப லோன். இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. பைபிள்ல உபாகமம் 14 எடுத்து பாரு, வருஷா வருஷம் வயல்ல விளையுற பலன்ல பத்துல ஒண்ணுன்னுதான் இருக்கு, கடன் வாங்கின விதைநெல்லுல எடுன்னு எங்கயும் இல்ல. அந்த 40,000 வருமானம் இல்லம்மா, திருப்பி கட்ட வேண்டிய அடுத்தவங்க பணம், அதை கட்டப்போறதும் அவர் சம்பளம்தான், சம்பளத்துல தான் ஏற்கனவே எடுத்தாச்சே, அப்ப ஒரே காசுக்கு ரெண்டு தடவை எடுக்குற மாதிரி ஆவுது, அதுவும் அந்த 4,000க்கு நீங்க வட்டி வேற கட்டறீங்க. பிடித்தத்துக்கு முன்னாடி கணக்கா பின்னாடி கணக்கான்னு சில பேர் மண்டைய உடைச்சிக்குவாங்க, அந்த காலத்துல பிஎஃப் இல்ல, கைக்கு வந்ததுல எடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

உன் வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு அந்த மனுஷன் வேண்டினது சும்மா வாய் வார்த்தை இல்ல. யாக்கோபும் பெத்தேல்ல அப்படித்தான் பொருத்தனை பண்ணான், எனக்கு சாப்பாடு துணி குடுத்து பத்திரமா திரும்ப கொண்டு வந்தீங்கன்னா நீங்க தர்ற எல்லாத்துலயும் பத்துல ஒண்ணு தர்றேன்னு. பண்ணின பொருத்தனைய செலுத்துன்னு பிரசங்கி 5ம் அதிகாரமும் சொல்லுது. அதனால நிறுத்த சொல்லாத, நிறுத்துனா அவருக்குள்ள ஏதோ உடைஞ்சிடும். ஆனா அவர் பண்ணது சம்பளத்துக்கு, நீயே தெளிவா எழுதியிருக்க. லோனுக்கு யாரும் பொருத்தனை பண்ணல.

சரி, அவர்கிட்ட காட்ட ஒரு வசனம் தர்றேன், சண்டை போட இல்ல, சேர்ந்து படிக்க. லேவியராகமம் 27. பாஸ்டருங்க 30வது வசனத்தை, அதாவது நிலத்தோட தசமபாகம் கர்த்தருக்குரியதுங்கறதை, நிறைய வாசிப்பாங்க. அதே அதிகாரத்துல 8வது வசனத்தை வாசிச்சு நான் கேட்டதே இல்ல. ஆளுங்களை கர்த்தருக்குன்னு பொருத்தனை பண்ணா இத்தனை சேக்கல் வெள்ளின்னு ரேட் போட்டுட்டு வரும், நடுவுல சொல்லும், அந்த ரேட்டை கட்ட முடியாத ஏழைன்னா ஆசாரியன் முன்னாடி வந்து நிக்கட்டும், பொருத்தனை பண்ணவனோட திராணிக்கு ஏத்த மாதிரி ஆசாரியன் மதிப்பு போடணும்னு. அது தசமபாகத்துக்கு சொன்ன சட்டம் இல்ல, பொருத்தனைக்கு சொன்னது, உங்க வீட்ல நடக்கறதும் பொருத்தனை தானே. பாரு, முடியலன்னு வந்து சொல்றதுக்கு சட்டத்துக்குள்ளயே ஒரு வழி விட்டு வச்சிருக்காங்க.

அடுத்து மாமியார். மாத்திரை காசை தசமபாகத்துலயே கழிச்சிக்கன்னு சில பேர் உனக்கு சொல்லுவாங்க, மூணாம் வருஷ தசமபாகத்தை ஊருக்குள்ளயே வச்சு லேவியன் (கோயில் ஊழியம் பாக்குற கோத்திரத்துக்காரன்), பரதேசி, திக்கற்ற புள்ள, விதவை எல்லாரும் சாப்பிட குடுன்னு உபாகமத்துல இருக்கறது உண்மைதான். ஆனா நான் அப்படி சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கறது காணிக்கை இல்ல தங்கச்சி, அது அரிசி பருப்பு மாதிரி வீட்டு செலவு, அது முதல்ல போகணும். மாற்கு 7ல இயேசு இதுக்குத்தான் கோவப்பட்டார், அப்பா அம்மாவுக்கு சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கைக்குன்னு ஒதுக்கியாச்சுன்னு சொல்லி தப்பிச்சிக்கிறவங்க மேல. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுனதையும் சேர்த்து படிங்க. விசுவாசம் இல்லாதவளான்னு கேட்டியே, கைமாத்து வாங்கியாவது மாமியாருக்கு மாத்திரை குடுக்குற நீதான் அந்த வசனத்துல பாஸ் ஆயிட்ட. இன்னொண்ணு, சுகர் பிபி மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா குடுக்கறாங்க, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்கறதும் உண்டு, மாமியார் பேரை பதிய சொல்லி கேளு.

மல்கியா 3ஐ வச்சு உங்களை பயமுறுத்தி இருப்பாங்க, "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா"ன்னு. எட்டாம் வசனம் அது. மூணு வசனம் மேல போனா, கூலிக்காரன் கூலியை புடுங்கறவன், விதவையையும் திக்கற்ற புள்ளைங்களையும் ஒடுக்கறவன் மேல கர்த்தர் சாட்சியா வருவேன்னு இருக்கு. ரெண்டையும் சேர்த்து தானே படிக்கணும்? அதே அதிகாரத்துல, தசமபாகத்தை பண்டசாலைக்கு கொண்டு வாங்கன்னு பத்தாம் வசனம் சொல்லுதே, அந்த பண்டசாலைன்னா தானியம் வைக்கிற அறை. நெகேமியா 13 படிச்சா புரியும், சேர வேண்டிய பங்கு வராம லேவியருங்க வேலையை விட்டுட்டு வயலுக்கு ஓடிட்டாங்க. மத்த கோத்திரத்துக்கு மாதிரி அவங்களுக்கு நிலத்துல பங்கு குடுக்கல, இந்த தசமபாகம் தான் வயித்துப்பாடு. இதை உன் பாஸ்டர் பக்கமும் நின்னு யோசி, சின்ன சபைன்னா வாடகை, கரண்ட் பில், அவர் வீட்டு சாப்பாடு எல்லாம் அந்த கவர்ல இருந்துதான். அதனால குடுக்கறது வேஸ்ட்டுன்னு நான் சொல்ல வரல.

ஆனா கட்டாயம்னு வந்துட்டா அது வேற ரூட்ல போயிடும். பாண்டிச்சேரிய ஆண்ட பிரெஞ்சுக்காரங்க ஊர்ல குடியானவன் விளைச்சல்ல சர்ச் வரி மாதிரியே பங்கு வாங்கிட்டு இருந்துச்சு, சட்டமாவே, 1789 புரட்சில அதை தூக்கிட்டாங்க. நான் பூசைக்கு போற குடும்பத்துல பொறந்தவ, எங்க கத்தோலிக்க திருச்சபையில இப்ப இத்தனை சதவீதம்னு சட்டம் இல்ல, திருச்சபை தேவைக்கு உதவணும்ங்கறது கடமை, எவ்ளோன்னு அளவு போடல. எங்க ஆயா உலை வைக்கிறப்பல்லாம் ஒரு புடி அரிசி எடுத்து தனி பானையில போடுவாங்க, மாசம் ஒருதரம் கோயிலுக்கு போகும். சாப்பாட்டுக்கே இழுபறின்னா புடி சின்னதாகும், ஆனா கை பானைக்கு போகாம இருக்காது. விசனமாவும் வேணாம், கட்டாயமாவும் வேணாம், மனசுல நியமிச்சபடி குடுன்னு கொரிந்தியர்ல படிக்கிறப்பல்லாம் எனக்கு அந்த பானை தான் ஞாபகம் வரும்.

இப்ப செய்ய வேண்டியது. ஒரு நோட்டுல மாச கணக்கு எழுது, சம்பளம், வாடகை, குழு தவணை, ஸ்கூல் ஃபீஸ், மாத்திரை, ஒண்ணும் மறைக்காத, கைமாத்தையும் எழுது (அவருக்கு கைமாத்து விஷயமே தெரியாதுன்னு நெனைக்கிறேன், கரெக்டா?). மொதல்ல அவர்கிட்ட காட்டு. அப்புறம் ரெண்டு பேருமா நோட்டோட பாஸ்டரை போய் பாருங்க, லேவியராகமம் 27:8ஐ அவர் வாயால வாசிக்க சொல்லுங்க, லோன் அடையற வரைக்கும் எவ்ளோன்னு அவரையே வச்சு முடிவு பண்ணுங்க. 1,850 போற இடத்துல கொஞ்ச நாள் 500 போகலாம், போகட்டும். அந்த 4,000 லோன் பணம்னு அவருக்கு தெரிஞ்சிருக்காது, சொல்லிடுங்க, நல்ல மேய்ப்பரா இருந்தா அவரே திருப்பி குடுப்பார், குடுக்கலன்னா அதுக்காக மல்லுக்கு நிக்காத, அவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சிக்க 4,000 செலவாச்சுன்னு வச்சிக்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட போகாத, அப்ப சுத்தி பத்து பேர் நிப்பாங்க, அந்த காய்ச்சல் அக்காவும் நிப்பாங்க. செவ்வாய் புதன்ல சாயங்காலமா போங்க.